தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்டில் தலைகீழாகத் தெரிந்தது ஆவிக்கப்பலா?

இல்லை. நீங்கள் பார்த்தது கானல், அதற்குக் காரணமான கப்பல் நிஜமானது. கடலுக்கு மேல் மிதந்த கப்பல், அதன் தலையில் கவிழ்ந்த இன்னொன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவிழ்ந்த உருவமே போதும். டர்பனில் உங்கள் ஆயா சொன்ன டச்சு மாலுமியின் ஆவிக்கப்பல் கதையும் இப்படிப்பட்ட காட்சியை ஒட்டி வளர்ந்திருக்கலாம்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்நீர் தன்னை ஒட்டிய காற்றைக் குளிர்விக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று படிந்தால் ஒளி கீழ்நோக்கி வளையும். அடிவானத்துக்கு அப்பால் உள்ள கப்பலும் மேலெழும்பித் தெரியும்.

மறுபடி தெரிந்தால் பைனாகுலரை எடுக்காமலே குந்துங்கள், பிறகு மேட்டில் ஏறுங்கள். கண்மட்டம் சில மீட்டர் மாறினாலே கப்பல் நீளும், சப்பையாகும், துண்டுபடும். கூடவே போனில், கப்பல்கள் இருக்குமிடத்தைக் காட்டும் மரைன் டிராஃபிக் செயலியைப் பாருங்கள். மணலில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டர்தான். அதே திசையில் 20, 30 கிலோமீட்டர் வரை தேடுங்கள். சிறு மீன்பிடிப் படகுகள் அதில் வராமல் போகலாம்.

ஒன்று கவனியுங்கள்: இது கரையில் நின்று பார்த்திருந்தால்தான். 238 மீட்டர் உயரத்துப் பழைய கலங்கரை விளக்கிலிருந்து என்றால், கப்பல் மிதப்பதுபோலத் தெரிந்ததற்கு அதன் அடிப்பாகத்தை மூடுபனி மறைத்ததும் காரணமாக இருக்கலாம். அங்கே பனி பொல்லாதது. 1860இல் ஏற்றிய அந்த விளக்கையே அது மறைத்துவந்தது. 1911இல் போர்த்துகீசியக் கப்பல் லூசிடானியா பெல்லோஸ் பாறையில் மோதிய பிறகுதான் 87 மீட்டர் உயரத்தில் புது விளக்கு கட்டினார்கள்.

பாறை விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள், அலை இழுத்துவிடும்.