பரிசாக வந்த 2019 பரோலோ ஒயினை இப்போதே திறக்கலாமா, இன்னும் சில வருடம் வைத்திருக்கலாமா?

வைத்திருங்கள். 2030 வரையாவது. பாதுகாக்கச் சரியான இடம் இருந்தால் அதற்கு மேலும் வைக்கலாம். இடம் இல்லையென்றால் என் பதில் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இத்தாலியின் டுரின் நகரில் பல வருடம் வேலை பார்த்தேன். பரோலோ விளையும் லாங்கே குன்றுகள் அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவேன். நாடு திரும்பிய பிறகும் எனக்கு அதிகம் ஏக்கமாக இருப்பது அந்த மண்தான்.

பரோலோ நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்வது. வேறு எதையும் கலக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு அக்டோபரில், அறுவடை நடந்த தோட்டத்தில் ஒரு பெரியவர் ஒரு கொத்தை வெட்டி என் கையில் கொடுத்தார். பழத்தின் மேல் சாம்பல் பூசினாற்போல ஒரு படலம். வாயில் போட்டதும் நல்ல தித்திப்பு. தோலைத் துப்பாமல் மென்று, விதையையும் கடித்தபோதுதான் தெரிந்தது. நாவற்பழம் பத்துப் பதினைந்து தின்றால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்பு, அதைவிட இரண்டு மடங்கு. உங்கள் பாட்டிலுக்குள் இப்போது இருப்பது அந்தத் துவர்ப்புதான். அதோடு நல்ல புளிப்பும் சேர்ந்திருப்பதால்தான் இந்த ஒயின் முப்பது வருடமானாலும் தாங்குகிறது.

என் அனுபவத்தைச் சொன்னால் இன்னும் விளங்கும். 2010 அறுவடையில் ஒரே தோட்டத்துப் பாட்டில் இரண்டு வாங்கினேன். முதல் பாட்டிலை 2015இல் திறந்தோம். மணம் அருமை, ஆனால் இரண்டாவது மடக்கிலேயே வாய் உலர்ந்துவிட்டது. என் மனைவி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். இரண்டாவதைக் குடியிருப்பின் நிலவறையில் படுக்க வைத்து 2023இல் எடுத்தேன். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்தால் நடுவில் மாதுளைச் சாறு, ஓரத்தில் பழைய செங்கல் நிறம். காய்ந்த ரோஜா இதழ் மணம், அதன் அடியில் புதிதாகப் போட்ட ரோட்டின் தார் வாசனை. தார் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் பரோலோவைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது இந்த இரண்டையும்தான். துவர்ப்பு போய்விடவில்லை, நல்ல தேநீரில் இருக்குமளவுக்கு இறங்கியிருந்தது. துவர்ப்புப் பொருட்களும் நிறமிகளும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடுகிறது. நிறம் வெளுப்பதும் அதனால்தான்.

இந்தப் பழம் மற்ற இடங்களில் அவ்வளவாக எடுபடுவதில்லை. சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் பயிர், அதனால் வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவுதான் வேண்டும். பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது அந்த ஊர் விவசாயிகளின் கணக்கு. மற்ற சரிவுகளில் பார்பெரா, தோல்செத்தோ என்ற வேறு திராட்சை வகைகள், ஹேசல்நட் மரங்கள். (ஹேசல்நட் சேர்த்துச் செய்யும் நுட்டெல்லா பிறந்த அல்பா நகரம் பக்கத்தில்தான்.) அறுவடைக் காலத்தில் காலை ஏழு மணிக்கு லா மோர்ரா ஊரின் உச்சியில் நின்றால், கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, குன்றுகளின் தலை மட்டும் தீவுகளாக வெளியே. மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் நெப்பியா. திராட்சையின் பெயரும் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

மொத்தம் 11 ஊர்களின் நிலத்தில் விளைவதற்கு மட்டுமே பரோலோ என்ற பெயர். உங்கள் பாட்டிலில் ஊர் பெயர் இருக்கிறதா பாருங்கள். லா மோர்ரா என்றால் பொதுவாகச் சற்று மென்மை, சீக்கிரம் பக்குவப்படும். கிழக்கே செர்ராலுங்கா, மொன்ஃபோர்தே என்றால் இறுக்கமானது, கூடுதலாக நாலைந்து வருடம் கொடுங்கள்.

சட்டப்படியே அறுவடைக்குப் பின் 38 மாதம் கழித்துத்தான் விற்பனைக்கு வரும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ரிசெர்வா என்று போட்டிருந்தால் 62 மாதம். எந்தப் பீப்பாய் என்பதில் அங்கே குடும்பங்களே பிரிந்தன. பழைய முறை ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய பீப்பாய். 1980களில் இளைஞர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பாரிக் என்ற சிறிய புதுப் பீப்பாய்க்கு மாறினார்கள். எலியோ அல்தாரே என்ற ஒயின் தயாரிப்பாளர் 1983இல் தன் அப்பாவின் பழைய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தார். அப்பா அவருக்குச் சொத்தே இல்லை என்று எழுதிவிட்டார். எதிர்ப்பக்கம் பார்தோலோ மஸ்கரெல்லோ என்ற பழைய முறைத் தயாரிப்பாளர், தன் கையால் வரைந்த லேபிளில், இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, ‘பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்றே எழுதினார். என் மனசு பெரிய பீப்பாய்ப் பக்கம்தான். புது மரத்தின் வெனிலா வாசனை அந்த ரோஜாவை மூடிவிடுவதை நானே பல கோப்பைகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் இப்போது வெகுவாக நெருங்கி வந்துவிட்டன.

சரி, உங்கள் பாட்டில். 12 முதல் 15 டிகிரி, வெளிச்சம் படாத இடம், தக்கை நனைந்திருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். ஒயினுக்கென்றே இருக்கும் குளிர்பெட்டி இருந்தால் கவலையில்லை. நம் ஊர் வெயிலில் சமையலறை அலமாரியில் வைப்பதாக இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், இரண்டு கோடையில் பாழாகிவிடும். இந்த மாதமே திறந்துவிடுங்கள். காலையில் தக்கையை எடுத்து, வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் மாற்றி வைத்து, இரவு குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்போடு எலும்போடு வெந்த ஆட்டுக்கறி பக்கத்தில் இருந்தால் துவர்ப்பு பாதி அடங்கும். குழம்பில் மிளகாய்த்தூளை மட்டும் குறைத்துவிடுங்கள், காரம் ஏறினால் துவர்ப்பும் கூடவே ஏறும்.