ஒரு வருட உலகப் பயணம்: தைராய்டு மாத்திரையைவிடப் பெரிய கவலைகள்

கேள்வி: என் வயது 27. மேற்படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் உலகம் சுற்ற முடிவு செய்திருக்கிறேன், இன்னும் பத்து வாரத்தில் கிளம்புகிறேன். வியட்நாம், தாய்லாந்து, பாலி (அங்கே இரண்டு மாதம் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவேன்), பிறகு ஜப்பான், கென்யா, தான்சானியா. கிளிமஞ்சாரோவை ஐந்து நாளில் ஏறி இறங்கத் திட்டம். கடைசியில் விமானத்தில் லா பாஸ் போய் பொலிவியா, பெரு பார்த்துவிட்டுத் திரும்புவேன். நான்கு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருட மாத்திரையை எப்படிக் கொண்டு போவது? ஊருக்கு ஊர் நேரம் மாறும்போது எப்போது சாப்பிடுவது? இந்த நிலையில் இவ்வளவு நீளமான பயணம் போகலாமா?

பதில்: போகலாம், தாராளமாகப் போகலாம். தைராய்டு குறைவு இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டோடு உட்கார வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், கேட்டிருப்பதெல்லாம் மாத்திரையைப் பற்றி, எனக்குக் கவலை தந்ததோ நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட மூன்று விஷயங்கள்: ஸ்கூட்டர், ஐந்து நாள் கிளிமஞ்சாரோ, நேராக லா பாஸில் இறங்குவது. மாத்திரையை முதலில் முடித்துவிட்டு அதற்கெல்லாம் வருகிறேன்.

உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கிற லெவோதைராக்சின் உடம்பைவிட்டு மிக மெதுவாகப் போகிற மருந்து. இன்று போட்ட மாத்திரையில் கிட்டத்தட்ட பாதி ஒரு வாரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும். அதனால் எட்டு மணி நேரம் முன்னே பின்னே ஆவதோ, ஒரு நாள் மறந்துபோவதோ பெரிய விஷயமே இல்லை. எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊரின் மறுநாள் காலையில், வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பதாக இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். (இன்சுலின் போடுகிறவர்களும் வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது, அவர்கள் நேரக் கணக்கைத் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் போட வேண்டும்.) இந்த வாரமே டிஎஸ்எச் (மாத்திரை அளவு சரியா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். அளவு மாற்ற வேண்டியிருந்தால் மாற்றி, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க உங்களுக்குச் சரியாக நேரம் இருக்கிறது.

ஒரு வருடத்துக்கான மாத்திரை முழுவதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நான்கைந்து மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து, பெரிய நகரங்களில் கிடைக்கும். கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், லெவோதைராக்சின் என்றே கேளுங்கள். அளவு மைக்ரோகிராமில்தான் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு டிஎஸ்எச். சாலையோரத்தில், சந்தையில் விற்கிற மருந்து எதையும் தொடாதீர்கள். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரம் குறைந்தது அல்லது போலி என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனமே மதிப்பிட்டிருக்கிறது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள். பையில் இடம் மிச்சமாகும் என்று எல்லா மாத்திரையையும் பிதுக்கி ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு போன ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். மூன்று மாதம் ஈரக் காற்றிலும் வெயிலிலும் சுற்றிவிட்டுத் திறந்து காட்டினார். அடியில் வெள்ளைத் தூள், அதன் மேல் ஓரம் உதிர்ந்த மாத்திரைகள், எது இரத்த அழுத்தத்துக்கு, எது வயிற்றுக்கு என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பாதியைக் கைப்பையிலும் பாதியை வேறு பையிலும் அட்டையோடு வையுங்கள். மருத்துவரின் கையெழுத்தோடு, மருந்தின் வேதிப்பெயர் போட்ட ஒரு கடிதமும் வேண்டும்.

ஜப்பானுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை ஒரு மாத அளவுக்கு மேல் கையில் இருந்தால், அங்கே போவதற்கு முன்பே ‘யுன்யு கக்குனின் ஷோ’ என்கிற இறக்குமதி உறுதிச் சான்றுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும். சாதாரண தைராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும். பாலியை முடித்து நேராகப் போகிற உங்கள் பையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்குமே! அதோடு சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் சேர்ந்த சளி மாத்திரைகளுக்கு அந்த நாட்டில் தடை உண்டு, மூக்கடைப்புக்கு என்று யாராவது கொடுத்தது பையின் மூலையில் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து தடுப்பூசி. பத்து வாரம் என்றால் நல்ல அவகாசம், ஆனால் முதல் இரண்டு வாரத்தை வீணாக்கினால் அது போதாது. நீங்கள் போகிற இடங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் தான்சானியா இந்த ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்கும், பெரு, பொலிவியாவின் காட்டுப் பகுதிகளில் நோயே இருக்கிறது. ஒரே ஊசி, 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும், ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லுபடி. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, அதனால் கர்ப்பம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள், கடுமையான முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும். தைமஸ் வேறு, தைராய்டு வேறு, பெயர் காதில் ஒன்றுபோல விழுவதால் குழம்பிப் பயப்பட வேண்டாம், உங்களுக்கு இதில் தடை இல்லை. தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி சின்ன வயதில் முழுசாகப் போடவில்லை என்றால் இதற்கும் அதற்கும் நான்கு வார இடைவெளி விட வேண்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, பி, டெட்டனஸ் எல்லாம் ஊசி போடுகிற மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை மட்டும் நீங்களே ஞாபகப்படுத்திக் கேளுங்கள், வியட்நாம், தாய்லாந்து, பாலி மூன்றிலும் கிராமப் பக்கம் நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அது தேவை.

வெறிநாய்க்கடி ஊசியைப் பலரும் ‘கடித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன்பே இரண்டு ஊசி, ஒரு வார இடைவெளியில் போட்டுக்கொண்டால், பிறகு எங்காவது கடிபட்டாலும் இன்னும் இரண்டு ஊசி போட்டால் முடிந்தது. முன்பே போடாதவருக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தும் வேண்டும். உலகின் பல இடங்களில் அது கிடைப்பதே இல்லை, அதைத் தேடி இன்னொரு நாட்டுக்கு விமானம் ஏற வேண்டிவரும். நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. பாலியில் நாய்களுக்கு இந்த நோய் இருக்கிறது, குரங்கு கடித்தாலும் கீறினாலும் அதே கணக்குதான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது: குழாயைத் திறந்து, காயத்தில் சோப்பைத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ஐந்து நிமிடம் ஆனதுமே போதும் என்று தோன்றும், நிறுத்தாதீர்கள். அப்புறம் அன்றைக்கே ஊசி. காயம் சின்னது, இரத்தமே வரவில்லை என்றெல்லாம் நாமே முடிவுகட்டிவிடக் கூடாது.

இப்போது உயரம். உங்கள் திட்டத்தில் நான் கட்டாயம் மாற்றச் சொல்வது இதைத்தான். லா பாஸ் சுமார் 3,600 மீட்டர், அதன் விமான நிலையம் இருக்கிற எல் ஆல்டோ 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்கும் உடம்புக்குத் தயாராக நேரமே கிடைப்பதில்லை. அன்று இரவே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும், சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இளமையும் உடற்பயிற்சியும் இதற்குக் காப்பு இல்லை. சொல்லப்போனால் திடமானவர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் கடலோரம் இருக்கிற லிமா, அங்கிருந்து பேருந்தில் அரெகிப்பா, அது 2,300 மீட்டர் போல, அங்கே மூன்று நான்கு நாள் தங்குங்கள். பிறகு குஸ்கோ. அது 3,400 மீட்டர், ஆனால் போன அன்றே கீழே இருக்கிற உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கித் தூங்கலாம். மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு, அதையும் பார்த்துவிட்டு டிட்டிகாகா ஏரி வழியாக லா பாஸ் போங்கள். பார்க்கிற இடங்கள் அதேதான், வரிசை மட்டும் மாறுகிறது.

கிளிமஞ்சாரோவில் இப்படி வரிசையை மாற்ற வழியில்லை, நாளைத்தான் கூட்ட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்குகிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது விதி. மராங்கு வழியில் முதல் முகாம் 2,700, இரண்டாவது 3,720, மூன்றாவது 4,720, அங்கிருந்து நள்ளிரவில் கிளம்பி 5,895 மீட்டர் உச்சி. ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்! ஐந்து நாளில் இதைச் செய்யாதீர்கள், எட்டு நாள் எடுக்கிற வழியைத் தேர்ந்தெடுங்கள், பணம் கூடுதலாகும், ஆனாலும் இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுக்கலாம், அதை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். விரல் மரத்துப் போகும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். நடக்கும்போது தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே இறங்குங்கள், கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் உங்களுக்கே தெரியாது.

ஸ்கூட்டருக்கு வருகிறேன். ஆரோக்கியமான இளம் பயணிகளைப் பறித்துக்கொள்வதில் எந்தக் கொசுவையும்விடச் சாலை விபத்துதான் முன்னால் நிற்கிறது. இருசக்கர வாகனம் ஓட்டும் உரிமம் உங்களுக்கு ஊரில் இல்லை என்றால் அங்கே போய்க் கற்றுக்கொள்ளாதீர்கள். உரிமம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அதில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இது இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், அறுவை சிகிச்சைச் செலவு முழுவதும் வீட்டார் தலையில் விழும். தாடைப் பட்டை இறுகுகிற தலைக்கவசத்தை உங்கள் அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இரவில் ஓட்டாதீர்கள், பின்னால் உட்கார்ந்து போவதாக இருந்தாலும் இதெல்லாம் அப்படியே. காப்பீட்டில் தைராய்டை மறைக்காமல் எழுதுங்கள், விமானத்தில் அவசரமாகக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா, மலையேற்றத்துக்கு எத்தனை மீட்டர் வரை என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் கிளிமஞ்சாரோ உயரம் வராது.

மலேரியா மாத்திரை வருடம் முழுக்க வேண்டாம். வியட்நாம், தாய்லாந்தின் நகரங்களுக்கும் பாலிக்கும் ஜப்பானுக்கும் பொதுவாகத் தேவையில்லை, கென்யா, தான்சானியாவின் தாழ்ந்த பகுதிகளுக்குத் தேவை, அமேசான் காட்டுக்குள் போனால் அங்கேயும். ‘அடோவாகோன்-புரோகுவானில்’ என்கிற மாத்திரை என்றால் போவதற்கு ஒரு நாள் முன் தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்து ஏழு நாள் வரை தினம் ஒன்று. டாக்சிசைக்ளின் என்றால் வந்த பிறகு நான்கு வாரம், வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், போட்டதும் படுக்கக் கூடாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று என்பதால் வசதியாகத் தெரியும், மனச்சோர்வோ வலிப்போ எப்போதாவது இருந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, அதற்கு மாத்திரை கிடையாது, டீட் கலந்த கொசு விரட்டிதான். சன்ஸ்கிரீன் முதலில், அதன் மேல் விரட்டி.

வயிற்றுப்போக்கு ஒரு முறையாவது வரும். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கையில் இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரத்தமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். விக்டோரியா, மலாவி போன்ற ஏரிகளில் நீந்த வேண்டாம், தோல் வழியாகவே நத்தைக்காய்ச்சல் புழு நுழையும். பல் மருத்துவரையும் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தனியாகப் போகிறீர்கள். ஒரு கட்டத்தில் எதையும் பார்க்கப் பிடிக்காமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் சில நாட்கள் வரலாம். அது வெறும் அலுப்பாக இருந்தால் ஒரே ஊரில் இரண்டு வாரம் தங்கி, ஒரே நேரத்துக்குத் தூங்கிச் சாப்பிட்டாலே சரியாகிவிடும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தைராய்டு அளவு குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம்தான் வரும், அதனால் ‘மனசு சரியில்லை’ என்று விட்டுவிடாமல் ஒரு டிஎஸ்எச் பாருங்கள். எப்படியும் ஆறாவது மாதம் ஒன்று பார்க்கத்தான் வேண்டும், ஜப்பானில் இருக்கும்போது பார்ப்பது சுலபம். இரண்டும் இல்லாமல் இருள் விலகாமலே இருந்தால் வீட்டுக்குப் போன் செய்யுங்கள், பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாலும் அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு வருடத்துக்குள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல்போலத் தெரிந்தாலும் அன்றே போய், மருத்துவர் எதுவும் கேட்பதற்கு முன்பே ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பரிசோதனை வேண்டும்’ என்று சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். எந்தெந்த நாட்டில் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதை இப்போதிலிருந்தே போனில் குறித்துக்கொண்டே வாருங்கள், அன்றைக்கு அந்தக் குறிப்புதான் மருத்துவருக்கு முதலில் தேவைப்படும்.