பாட்டுக்குப் பதில்: ஐந்து பாட்டுப் போதும், தங்கச்சி

(கிளிநொச்சியில் சிறிய ஒலிப்பதிவு அறை நடத்துகிறவர் வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

ஐந்து பொப் பாட்டுகளைக் கொழும்பில் பதிந்துவிட்டேன். இன்னும் இரண்டு கைபேசியில் பாடி வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கிற மாமா ஏழு பாட்டையும் சேர்த்து இசை அல்பமாக விடச் சொல்கிறார். சிநேகிதி ஈ.பி. போதும் என்கிறாள். ஈ.பி. என்றால் அல்பத்தைவிட மதிப்புக் குறைந்ததா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

இல்லைத் தங்கச்சி, அளவில்தான் சின்னது. 1952இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் கொண்டுவந்த ஏழு அங்குல இசைத்தட்டுக்கு வைத்த பெயர் அது. நிமிடத்துக்கு 45 சுற்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 7 நிமிடம். பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டுப் பிடிக்கும். தனிப்பாட்டுத் தட்டைவிட நீளம் என்பதால் 'எக்ஸ்டெண்டட் பிளே' என்றார்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டுகளும் இந்தச் சின்னத் தட்டில் வந்தன. இப்போது தட்டுப் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிஃபையில் 4 முதல் 6 பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள் இருந்தால் அது ஈ.பி.

நியூசிலாந்துப் பாடகி லோர்ட் 2012 நவம்பரில் தன் முதல் ஈ.பி.யை சவுண்ட்கிளவுட்டில் இலவசமாகவே விட்டார். அப்போது அவருக்கு வயது 16. ஐந்தே பாட்டு. அடுத்த ஆண்டு உலகம் முழுக்க ஒலித்த அவருடைய பாட்டு அந்த ஐந்துக்குள் இருந்தது. மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஐந்து என்ற கணக்கு வேறு விதமாகப் பழக்கம். 1997இல் நாங்கள் மல்லாவியில் இருந்தோம். மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேப் ரெக்கோடரில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுவது நான், கேட்பது என் மாமாவும் அயலட்டைச் சனமும். கை கொஞ்சம் தளர்ந்தால் பாடகியின் குரல் இழுபட்டு ஆண் குரல் மாதிரி ஆகிவிடும், உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து பாட்டுக்கு மேல் என் கை தாங்காது. அதனால் எந்த ஐந்து என்று மாமா பகலிலேயே யோசித்து, கசெற்றைப் பேனையால் சுற்றிச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒருநாளும் அவர் ஏனோதானோ என்று ஒரு பாட்டைப் போட்டதில்லை. நீங்களும் உங்கள் ஏழு பாட்டையும் அப்படி இருந்து யோசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஏழு பாட்டையும் நான் மூன்று தரம் கேட்டேன். கொழும்பில் பதிந்தவற்றில் வேகமான இரண்டு நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் பாடியிருக்கலாம். கைபேசியில் பாடிய இரண்டையும் விட்டுவிடாதீர்கள். குளக்கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற அந்தப் பாட்டில் 'கெதியா வா' என்று கைபேசியில் பாடியிருக்கிறீர்கள். கூடவே அனுப்பிய திருத்திய பிரதியில் அது 'சீக்கிரம் வா' ஆகியிருக்கிறது. யார் சொல்லி மாற்றினீர்களோ தெரியாது. 'கெதியா' என்று வரும்போது உங்கள் குரலில் ஒரு பதற்றம் இருக்கிறது, மற்றதில் அது இல்லை. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் 1970களில் பொப் பாடியபோது நம்முடைய பேச்சை மறைக்கவில்லை, தமிழ்நாட்டிலும் அதை அப்படியே ரசித்தார்கள். பழைய சொல்லையே வையுங்கள். வேகமான இரண்டையும் எடுத்துவிட்டு, மிச்சம் மூன்றோடு இந்த இரண்டையும் சேர்த்தால் ஐந்து சரி.

அந்த இரண்டையும் வீட்டிலேயே பதியலாமா? எங்கள் வீடு தகரக் கூரை. றோட்டில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.
– அதே வாசகி

பதியலாம். இரவு பதினொன்றுக்குப் பிறகு பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றுங்கள். வெறும் சுவர் குரலைத் திருப்பி எறியும், அதனால் நெல் மூட்டை அடுக்கிய அறை இருந்தால் அதற்குள் போங்கள். நிறைந்த மூட்டை மாதிரி எதிரொலியைக் குடிக்கிற சாமான் நம்மிடம் வேறில்லை. என் அறையின் பின்சுவர் முதல் இரண்டு வருடம் நெல் மூட்டைதான். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எம்.பி.3 ஆக வேண்டாம், ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

மழை மட்டும் நம் கையில் இல்லை. ஒரு கார்த்திகை மாதம், தாலாட்டு மாதிரி மெல்லிய பாட்டொன்று பதிந்துகொண்டிருந்தோம். கடைசி அடியில் தகரத்தில் ஒரு துளி. பிறகு நாலைந்து. பாடிய பிள்ளை கண்ணைத் திறக்கவேயில்லை, பாடி முடித்தாள். பிறகு மழை கொட்டியது, பின்னால் தவளைகள் தொடங்கின. அடுத்த நாள் நல்ல வெயிலில் மறுபடி ஆறு தரம் பாடவைத்தேன். ஒன்றும் அந்த இரவுக்குக் கிட்ட வரவில்லை. கடைசியில் மழையோடேயே விட்டோம், முடிவில் எட்டு விநாடி தவளைச் சத்தமும் இருக்கிறது. அதை வெட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அம்மம்மா பாடும் அருவி வெட்டுப் பாட்டின் (நெல் அறுவடைப் பாட்டு) இரண்டு அடியை என் பொப் பாட்டுக்குள் வைக்கலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?
– வாசகர், முள்ளியவளை

கோவலன் கூத்து ஆடுகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோசம். எழுதியவர் தெரிந்த பாட்டென்றால் இலங்கைச் சட்டப்படி அவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும். நாட்டார் பாட்டுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை, ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்குகளையும் பாதுகாக்கிறது. விற்பனைக்கு விடுவதென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அப்புறம், அந்த இரண்டு அடியை நீங்கள் பாடாமல் அம்மம்மாவையே பாடவையுங்கள். இந்தக் கிழமையே பதிந்து வையுங்கள்.

மகளின் ஈ.பி.க்குக் காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். போட்ட காசு வருமா?
– ஒரு தகப்பன், மாங்குளம்

வேண்டாம் ஐயா. ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தரமாவது ஒலித்தால்தான் கணக்கில் காசே சேரத் தொடங்கும். அதைத் தாண்டினாலும் முதல் ஈ.பி.யில் கிடைப்பது சொற்பம். நல்ல மைக் ஒன்று, அமைதியான ஓர் அறை, மிக்சிங் தெரிந்த ஒரு பிள்ளை, இவ்வளவு போதும். காணி அவளுக்கே இருக்கட்டும்.

எந்த மாதம் வெளியிடுவது நல்லது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே ஐந்தையும் ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்காரர்களுக்கு அனுப்புவதற்குக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். தை, மாசியில் அருவி வெட்டு, ஊரில் ஒருவருக்கும் கை ஓயாது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். பங்குனியில் விடுங்கள். அப்போது நெல் வீட்டுக்கு வந்திருக்கும், பின்னேரத்தில் வாசலில் இருந்து கேட்க ஆட்கள் இருப்பார்கள்.