வயதுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் எழுதலாமா?

கேள்வி: டெஸ்டிங் வேலைக்குப் புதிது. ரயில் டிக்கெட் முன்பதிவு செயலியில் பயணியின் வயதை வைத்துக் கட்டணம் போடும் பகுதியைக் கொடுத்தார்கள். கோட் பார்க்க முடியாது, விதிகள் மட்டும்தான் கையில். 1 முதல் 100 வரை வயதுக்கு ஒன்றாக நூறு டெஸ்ட் கேஸ் (இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வர வேண்டும் என்று எழுதும் சோதனை) எழுதினேன். "முக்கால்வாசி வீண், வேண்டியதோ இதில் இல்லவே இல்லை" என்கிறார் டீம் லீட். ஏன்?

பதில்: லீட் சொல்வது சரிதான். 35 வயதுக்குச் சரியாக ஓடும் செயலி 36க்குத் தடுமாற எந்தக் காரணமும் இல்லை. இரண்டும் ஒரே வகுப்பு, அதாவது ஒரே விதி பொருந்தும் வயதுகளின் கூட்டம். விதியைப் பாருங்கள்: ஐந்து வயது ஆகாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம், ஐந்து முதல் பன்னிரண்டு ஆகாதவருக்கு பெர்த் இல்லாமல் பாதிக் கட்டணம், அதற்கு மேல் முழுக் கட்டணம். ஆக வகுப்பு மூன்றே. தவறு நடப்பது இவற்றின் ஓரத்தில். "12க்குக் கீழ்" என்று எழுத வேண்டிய இடத்தில் டெவலப்பர் "12 வரை" என்று எழுதிவிட்டால், 8 கொடுத்தாலும் 40 கொடுத்தாலும் அது தெரியாது. 12 கொடுத்தால்தான் மாட்டும். எனவே 4, 5, 11, 12 கட்டாயம். ஒவ்வொரு வகுப்பின் நடுவிலிருந்தும் ஒன்று போதும்.

சரி, இந்த நான்கும் உங்கள் நூறுக்குள் இருக்கின்றனவே, இல்லாதது எது? பெர்த். 2016 ஏப்ரல் முதல், தனி பெர்த் கேட்டால் சிறுவருக்கும் முழுக் கட்டணம். ஐந்து வயதுக்குள் இருந்தாலும் அப்படியே. அதனால் வயது வகுப்பு ஒரு பக்கம், பெர்த் வேண்டும்/வேண்டாம் மறுபக்கம் என்று டெசிஷன் டேபிள் (நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்க்கும் அட்டவணை) போடுங்கள். ஆறு கட்டம் வரும். பெரியவர் "பெர்த் வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி அப்போதுதான் எழும். இப்படிப்பட்ட கேள்விகளை உடனே, விதிகளை எழுதிக்கொடுக்கும் பிசினஸ் அனலிஸ்டிடம் கொண்டுபோங்கள். டெஸ்ட் ஓட்டுவதற்கு முன்பே பாதி பக் (செயலியின் பிழை) இப்படித்தான் பிடிபடும் என்பது என் அனுபவம்.

மற்ற விதிகளுக்கும் இதே வழிதான். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் என்றால் 0, 1, 6, 7. தட்கலில் நான்கு பேர்தான், அங்கே 4, 5. முன்பதிவு 60 நாள் என்றால் 60வது நாளும் 61வது நாளும். பயண நாள் அந்தக் கணக்கில் சேராது என்பதை மறந்தால் உங்கள் டெஸ்ட் கேஸே தப்பாகும்.

அப்புறம் தவறான உள்ளீடுகள்: காலி, மைனஸ், எழுத்து, 4.5. ஒரு டெஸ்ட் கேஸில் ஒரு தவறு மட்டும் வையுங்கள். வயதும் பெயரும் சேர்ந்தே தப்பாக இருந்தால், பெயருக்கான எரர் முதலில் வந்து வயதின் பக்கை மறைத்துவிடும்.

எதிர்பார்க்கும் விடையை விதியைப் பார்த்து முன்கூட்டியே எழுதிவிடுங்கள். "கட்டணம் சரியாக வர வேண்டும்" என்று எழுதினால் போதாது. எந்த ரயில், அதில் ஸ்லீப்பரா ஏசியா, எத்தனை ரூபாய் என்று இருக்க வேண்டும். திரையில் வந்த தொகையைப் பார்த்து எதிர்பார்க்கும் விடையை நிரப்புகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தப்பான தொகையும் சரி என்றே ஆகிவிடும்.