வெவ்வேறு திறமையுள்ள மாணவர்களுக்கு ஒரே வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவது?

கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன், அதனால் உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

முதல் வேலையாக, மாணவர்களை வகை பிரிப்பதை விட்டுவிடுங்கள். இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள் என்று முத்திரை குத்தி அதற்கேற்றபடி நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்ற 'கற்றல் பாணி' நம்பிக்கை ஆசிரியர்களிடையே ரொம்பப் பரவியிருக்கிறது. ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் இதுபற்றி வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், அப்படிப் பொருத்தி நடத்துவதால் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அறிவுத்திறன் ஒன்றே ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை என்று பல வகை உண்டு என்கிற பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983-இல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரே, தான் சொன்னதும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று பிற்பாடு எழுதினார். அவருடைய கோட்பாட்டையே ஏற்காத உளவியலாளர்களும் நிறையப் பேர். ஆனாலும் அதில் நமக்கு உதவுகிற ஒன்று உண்டு: ஒரு கருத்தைப் பல வழிகளில் காட்ட வேண்டும், அதுவும் வகுப்பில் எல்லோருக்கும்.

பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால், மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் 1/4தான் என்று சொல்பவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடிக்கச் சொல்வேன். மூன்றாக மடிப்பது லேசில்லை, ஒரு பாகம் நீண்டுபோகும், பிரித்துத் திரும்ப மடிப்பார்கள், சம பாகம் என்றால் என்னவென்று அப்போதுதான் உறைக்கும். அப்புறம் அதையே 0-க்கும் 1-க்கும் நடுவே எண்கோட்டில் குறிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் விளக்கவும் வேண்டும். நன்றாக வரைகிறவர்களும் பேசியாக வேண்டும், பேச்சில் கெட்டிக்காரர்களும் எண்கோடு போட்டாக வேண்டும், யாருக்கும் விலக்கு கிடையாது. எழுத்துக் கணக்கையெல்லாம் சரியாகப் போடுகிற ஒரு மாணவி, வட்டத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கச் சொன்னபோது மேலிருந்து கீழாக இரண்டு கோடு கிழித்துவிட்டு, ஒவ்வொன்றும் 1/3 என்றாள். நடுத்துண்டு பெரிசு, ஓரத்துத் துண்டுகள் சிறிசு. விடைத்தாளை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சரி, தனித்தனித் திறமைகளை என்ன செய்வது? ஒருவருக்குக் கைவந்த வழியாக, அவருக்கு வராத இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை என்று கேட்டால் மளமளவென்று சொல்கிற மாணவன், எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறான் என்று வையுங்கள். பேச விடுங்கள், நடுவில் நிறுத்தி, "இப்போ சொன்னதை அப்படியே எழுது" என்று சொல்லுங்கள், எழுதியதும் அடுத்த வாக்கியத்தைச் சொல்லட்டும். எழுத்து நடை பிறகு மெல்ல வரும். இவனுக்குப் பேச்சுதான் வரும் என்று எழுதுவதிலிருந்தே விட்டுவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது, தேர்வு எழுத வேண்டியவன் அவன்தானே.

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பாடத்திட்டம் யாராலும் போட முடியாது, தேவையும் இல்லை. கேள்வி எல்லோருக்கும் ஒன்றே, கொடுக்கும் துணை மட்டும் மாறும்: ஒருவருக்குப் படம், ஒருவருக்குத் தொடக்க வரி, சீக்கிரம் முடித்தவருக்கு "ஏன்?" என்று இன்னொரு கேள்வி. யாருக்கு எது என்று கண்டுபிடிக்க, என்ன வகை நுண்ணறிவு என்று சொல்லும் வினாத்தாள்களுக்கு ஒரு பீரியடைச் செலவிடாதீர்கள். புதுப் பாடத்துக்கு அடிப்படையான பழைய கேள்வி ஒன்றைக் கொடுத்து, அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதி வாங்கிப் படியுங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.