விளையாடாமலேயே பாத்திர விளையாட்டுப் புத்தகங்களை ஏன் வாங்கிக் குவிக்கிறோம்?

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது, நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. ஒருவர் கதையை நடத்துவார். விதிகளும் கதையுலகமும் புத்தகங்களாக வரும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி.

வாங்க ஒருவர் போதும். விளையாட ஐந்து பேர் வேண்டும். சிக்கல் அங்கேதான். கொழும்பில் ஒருவருக்குச் சனிக்கிழமையும் வேலை, இன்னொருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைக்கு வருவதற்குள் காலி வீதி நெரிசலில் பாதி மாலை போய்விடும். சந்திப்பு தள்ளிப்போகப் போக, புத்தகத்தைப் புரட்டி, வரைபடங்களைப் பார்த்து, வராத அந்த மாலையைக் கற்பனை செய்வதே விளையாட்டாகிவிடுகிறது. கற்பனை பழகிப்போனதும் அடுத்த புத்தகம் தேவைப்படுகிறது.

நாள் குறிக்காத கல்யாணத்துக்கு இப்போதே சேலை எடுத்து அலுமாரியில் மடித்து வைப்பதைப் போன்றது இது. வெள்ளவத்தையில் என் அலுமாரியில் பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன, விளையாடியது இரண்டை. ஒன்றின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிபடவில்லை. மற்றொன்றில், உப்புக்காற்றின் ஈரத்தால் டிராகனின் வாலில் பூஞ்சணம்.

எல்லாப் புத்தகமும் இருந்தால்தான் தொடங்கலாம் என்று பலர் நினைப்பது தவறு: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.