நிலையம் பக்கம்தான், நடைதான் தூரம்: ரயில் நிலையத்துக்கு நடந்து போவது பற்றி மலேசியாவின் பல ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி பதில்

பூச்சோங்: கொண்டோ விளம்பரத்தில் “எல்ஆர்டிக்கு 400 மீட்டர்” (எல்ஆர்டி என்றால் இலகு ரயில்) என்று போட்டிருந்தார்கள். நடந்தால் 15 நிமிடம் ஆகிறதே, அண்ணா?

பதில்: அது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தது. 400 மீட்டர் என்றால் 5 நிமிட நடை. நீங்கள் நடப்பது 1,200 மீட்டர். நடந்த தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 1.3 வந்தால் பரவாயில்லை, 1.5-ஐத் தாண்டினால் எங்கோ வேலியோ பெரிய சாக்கடையோ குறுக்கே நிற்கிறது. உங்களுக்கு 3! வேலியில் எங்கே கதவு வைத்தால் குறையும் என்று பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் 2003-இல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து அதற்குக் கூரைக்குள்ளேயே நடந்து போக, 2014-இல் நூ சென்ட்ரல் கடைத்தொகுதி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால் வைத்து அளக்காமல் எதையும் நம்பாதீர்கள்.

செந்தூல்: ஆறு தட சாலைக்குப் பாதசாரி மேம்பாலம் போதாதா?

பதில்: 6 மீட்டர் உயரத்துக்கு 15 செ.மீ. படி என்றால் ஏற 40, இறங்க 40. சக்கர நாற்காலிக்கு 1:12 சாய்தளம் (1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம்) போட்டால் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர், இடைத் தளங்கள் தனி. அதனால்தான் ஆட்கள் கீழே டிவைடரைத் தாண்டுகிறார்கள். சமிக்ஞை விளக்கு வைத்துத் தரையிலேயே கடக்க விடலாம். ஆறு தடமும் சேர்ந்த 21 மீட்டரைக் கடக்க நமக்கு 18 விநாடி, பாட்டிக்கு 26. பச்சை விளக்கைப் பாட்டிக்காக வையுங்கள். நடுவில் 2 மீட்டர் அகலத்தில் நிற்க இடமும் வேண்டும்.

பெட்டாலிங் ஜெயா: நடைபாதைக்குக் கூரை இருந்தும் நனைகிறோம்.

பதில்: கூரை 3 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலமா? சாய்ந்து அடிக்கும் மழை முழுசாக உள்ளே வரும். 2.5 மீட்டருக்கு இறக்கி, இரு பக்கமும் நீட்டுங்கள். பழைய கடைவீட்டு அஞ்சடி (கடை முன்னால் மாடிக்குக் கீழே போகும் நடைபாதை) நனையாததற்குக் காரணம், ஒரு பக்கம் சுவர், தலைக்கு மேல் மாடி. ஆனால் கடைக்குக் கடை தரையை உயர்த்திப் பளபள டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள், ஈரத்தில் வழுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்: நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஏறாமல் கம்பம் நடலாமா?

பதில்: சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. விட்டே ஆக வேண்டும். அதில் மோட்டாரும் நுழையும். கம்பம் காருக்குத்தான்.

காஜாங்: நிலையத்தில் கார் நிறுத்த இடம்?

பதில்: இந்தக் கேள்வி இன்றைக்கு நான்காவது தடவை. ஒரு காருக்கு வழியோடு சேர்த்து 25 சதுர மீட்டர். 400 கார் என்றால் ஒரு ஹெக்டேர், அதுவும் நிலைய வாசலில்! காலையில் நிரம்பினால் மாலைவரை அசையாது. அங்கே வீடும் கடையும் இருந்தால் நாள் முழுக்க ஆள் நடமாட்டம்.

ரவாங்: பேச்சுக்கு நல்லா இருக்கு. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவன் வெயிலில் எப்படிப்பா வருவான்?

பதில்: ஃபீடர் பஸ்ஸில், அதாவது வீட்டுப் பக்கத்திலிருந்து நிலையத்துக்கு விடும் பஸ்ஸில்.

ரவாங்: பஸ் இருக்கு, ஆனா அரை மணிக்கு ஒண்ணு!

பதில்: அங்கேதான் கோளாறு. அரை மணிக்கு ஒன்று என்றால் சராசரியாக 15 நிமிடம் நிற்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 5. கார்ப்பார்க் கட்டும் பணத்தை அதில் போடச் சொல்லுங்கள். தடம் முடியும் காஜாங் மாதிரி இடத்தில் கார் வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுக்குமாடியாகக் கட்டி, வாசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி வையுங்கள். இடையில் கடைகள் வரட்டும்.

பட்டர்வொர்த்: நிலையம் வந்தால் வீட்டு விலை ஏறுமா?

பதில்: புரோக்கரிடம் கேளுங்கள்.

கிள்ளான்: ஐயா, நிலையத்தில் கார் நிறுத்த...

பதில்: காஜாங்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.